ஐ.டி. வேலையில் முதல் பத்து வருஷம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி முடித்து சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஐ.டி. வேலைக்கு வந்த உறவுக்காரப் பிள்ளைகள், டீமில் புதிதாகச் சேர்ந்தவர்கள், அவர்கள் அனுப்பி வைத்த நண்பர்கள் என்று பலரும் என்னிடம் கேட்ட சந்தேகங்கள் இவை. ஆள் மாறினாலும் கேள்வி மாறவில்லை, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். சர்வீஸ் கம்பெனிகளை, அதாவது கிளையன்ட் என்று சொல்லும் வேறு கம்பெனிகளுக்கு மென்பொருள் வேலை செய்து தரும் இடங்களை, மனதில் வைத்து எழுதியது. பத்துப் பேர் இருக்கும் ஸ்டார்ட்அப்புக்குச் சில பதில்கள் பொருந்தாது. சட்டம் வரும் இடங்களில் பொதுவான நிலையை மட்டும் சொல்லியிருக்கிறேன். வழக்கு வரை போகும் விஷயம் என்றால் வக்கீலைப் பாருங்கள்.

அண்ணா, நான் ஒழுங்காத்தான் வேலை பாக்குறேன். யாரும் கண்டுக்கவே மாட்டேங்கிறாங்க. ஏன்?

உங்கள் வேலை உங்கள் டீமை நடத்தும் லீடைத் தாண்டி யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். அப்ரைசல் என்னும் ஆண்டு மதிப்பீட்டில் வரும் ரேட்டிங்கை லீட் ஒருவரே முடிவு செய்வதில்லை. அவர் ஒரு பெயரை முன்வைப்பார். அதற்கு மேலே டெலிவரி மேனேஜரும் எச்.ஆரும் பல டீம்களின் பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அந்தக் கூட்டத்தில் உங்களைப் பற்றிப் பேச உங்கள் லீடுக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு நிமிடம். அவர் கையில் சொல்வதற்கு விஷயம் இல்லையென்றால் "நல்ல பையன், கஷ்டப்பட்டு வேலை செய்வான்" என்பதோடு முடிந்துவிடும். அந்த வரி கூட்டத்தில் எல்லோருக்கும்தான் சொல்லப்படுகிறது.

அதனால் அவர் சொல்ல வேண்டிய வரிகளை நீங்களே அவருக்குக் கொடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை நான்கு வரியில் ஒரு மெயில் போதும்: எது முடிந்தது, எது பாக்கி, எது சிக்கி நிற்கிறது, யாரிடமிருந்து பதில் வர வேண்டும். எவ்வளவு சிரமப்பட்டீர்கள் என்று எழுதாதீர்கள். "மாதக் கடைசி ரிப்போர்ட் 40 நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது, இப்போது 12 நிமிடத்தில் முடிகிறது" என்பது போல எழுதுங்கள். இதைத் தற்பெருமை என்று நினைத்துக் கூச்சப்படும் பிள்ளைகள்தான் நம் ஊரில் அதிகம். உண்மையில் உங்கள் லீட் தன் மேலதிகாரிக்கு அனுப்பும் ரிப்போர்ட்டில் அந்த வரியை அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்வார், அவருக்கும் வேலை மிச்சம்.

தினமும் என்ன செஞ்சேன்னு எழுதி வைக்கச் சொல்றீங்க. அதுக்கெல்லாம் நேரம் எங்க இருக்கு?

ஐந்து நிமிடம் ஆகும். தேதி, டிக்கெட் நம்பர் (உங்களுக்குத் தந்த வேலையின் எண்), என்ன செய்தீர்கள், என்ன பலன், யாராவது பாராட்டி மெயில் போட்டார்களா, அவ்வளவுதான். அப்ரைசல் படிவம் மார்ச் ஏப்ரலில் திறக்கும்போது போன மே மாதம் செய்த வேலை யாருக்கும் நினைவில் இருக்காது, உங்களுக்கே இருக்காது. அந்தப் படிவத்தைக் கடைசி நாள் இரவு பதினோரு மணிக்கு நிரப்புகிறவர்கள் கடைசி இரண்டு மாதத்து வேலையை மட்டுமே எழுதுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் குறிப்பை ஆபீஸ் லேப்டாப்பிலேயே வையுங்கள். கிளையன்ட் பெயர், கோட், ஸ்க்ரீன்ஷாட் எதையும் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பாதீர்கள். வெளியே போகும் மெயிலைக் கவனிக்கும் மென்பொருள் பெரிய கம்பெனிகளில் எல்லாம் உண்டு, நல்ல எண்ணத்தில் அனுப்பினேன் என்ற விளக்கம் அங்கே எடுபடாது. வீட்டில் ஒரு பிரதி வேண்டுமென்றால் கிளையன்ட் அடையாளம் எதுவும் இல்லாமல் நோட்டில் எழுதி வையுங்கள்.

டவுட் கேட்டா ஒண்ணும் தெரியாதவன்னு நெனச்சுடுவாங்களோ?

கேட்பதால் யாரும் அப்படி நினைப்பதில்லை. கேட்டதையே மறுபடி கேட்டால்தான் நினைப்பார்கள். பதிலை எழுதி வைத்துக்கொண்டால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

அரை மணி நேரம் நீங்களே முயன்று பாருங்கள். அப்புறம் கேளுங்கள். "இது ஓடலை அண்ணா" என்று மட்டும் பிங் பண்ணாமல் என்ன எரர் வந்தது, என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று சேர்த்து அனுப்புங்கள். பாதி நேரம் அதை எழுதும்போதே விடை கிடைத்துவிடும். சீனியர்களுக்கு உண்மையிலேயே கோபம் வருவது எப்போது தெரியுமா? இரண்டு நாள் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, முடிக்க வேண்டிய நாளன்று வந்து "இன்னும் ஆரம்பிக்கவே இல்லை" என்னும்போது.

தமிழ் மீடியத்துல படிச்சேன். கிளையன்ட் கால்ல வாயே வர மாட்டேங்குது.

ஸ்டேட்டஸ் காலில் நீங்கள் பேச வேண்டியது மூன்று வாக்கியம்தான்: நேற்று என்ன, இன்று என்ன, தடை ஏதாவது இருக்கிறதா. காலுக்குப் பத்து நிமிடம் முன்னால் அதை எழுதி வைத்துக்கொண்டு வாசியுங்கள். யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் ஒன்றுமில்லை. கிளையன்ட் உங்கள் இலக்கணத்தைக் கவனிப்பதில்லை. அவருக்கு வேண்டியது தேதி. "சீக்கிரம் பார்த்துச் சொல்கிறேன்" என்று அழகான ஆங்கிலத்தில் சொல்பவரைவிட, உடைந்த ஆங்கிலத்தில் "வியாழன் மதியம்" என்று சொல்லி, வியாழன் மதியம் அனுப்புகிறவரைத்தான் அவர்கள் அடுத்த முறை பெயர் சொல்லிக் கேட்பார்கள். புரியவில்லை என்றால் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்கலாம், ஸ்காட்லாந்துக்காரர் பேசுவது அமெரிக்கருக்கே சில சமயம் புரிவதில்லை.

பேச்சு கைகூடும் வரை எழுத்தில் முந்துங்கள். கால் முடிந்ததும் மினிட்ஸ் எழுதும் வேலையை யாரும் விரும்பி எடுப்பதில்லை. நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். யார் எதை எப்போது செய்வதாக ஒப்புக்கொண்டார் என்று எழுதி எல்லோருக்கும் அனுப்புவது உங்கள் பெயரில் போகும். ஆறு மாதத்தில் ஆங்கிலமும் தேறிவிடும், புராஜெக்ட் முழுவதும் உங்களுக்குத் தெரிந்தும் இருக்கும். டீமில் தெலுங்கு, இந்தி பேசுகிறவர் உட்கார்ந்திருக்கும்போது நாம் தமிழில் பேசிக்கொண்டே போவதையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

மேனேஜர் எதைக் கேட்டாலும் சரின்னு சொல்லிடறேன். முடியாதுன்னு எப்படிச் சொல்றது?

முடியாது என்று சொல்ல வேண்டாம். "சரி, இதை எடுத்துக்கிறேன். அப்போ அந்த டெஸ்டிங் வியாழனிலிருந்து திங்களுக்குப் போகும். எது முதல்ல வேணும்?" என்று கேளுங்கள். முடிவு அவருடையதாகிவிடும். அவர் வாயால் சொன்னதை "நாம் பேசியபடி" என்று ஒரு வரி மெயிலில் போட்டுவிடுங்கள்.

தாமதம் ஆகும் என்று தெரிந்தால் தெரிந்த அன்றே சொல்லுங்கள். திங்கட்கிழமை சொன்னால் அவர் இன்னொரு ஆளைப் போடுவார், இல்லை கிளையன்டிடம் தேதியை நகர்த்துவார். வெள்ளிக்கிழமை மாலை சொன்னால் அவரால் செய்ய முடிவது உங்கள் மேல் எரிந்து விழுவது மட்டும்தான்.

ராத்திரி பத்து மணி வரைக்கும் உக்காந்தாத்தான் நல்ல பேர் கிடைக்குமா?

மென்பொருளை வெளியிடும் ரிலீஸ் வாரத்தில் உட்காருங்கள், யாரும் தப்பிக்க முடியாது. ஆண்டு முழுக்க அப்படி என்றால் எஸ்டிமேட் தப்பு, அல்லது ஆள் பற்றாக்குறை. இரண்டையும் உங்கள் தூக்கத்தால் சரி செய்ய முடியாது. முதல் கேள்வியில் சொன்ன மெயிலில் கூடுதல் நேரத்தைக் குறிப்பிட்டு வாருங்கள்.

சர்டிஃபிகேஷன் எடுத்தா சம்பளம் ஏறுமா?

நேரடியாக ஏறாது. ஆனால் புது புராஜெக்டுக்கு ஆள் தேடும்போது உங்கள் பெயர் மேலே வரும். கிளவுட் சர்டிஃபிகேட்டுகளில் ஒரு சூட்சுமம் உண்டு. அமேசானுடையது மூன்று வருஷம் செல்லும். மைக்ரோசாஃப்ட் அஸூரில் பெரும்பாலானவை ஒரு வருஷம்தான், ஆனால் ஆன்லைனில் இலவசமாகப் புதுப்பிக்கலாம். இப்படிப்பட்ட கிளவுட் நிறுவனங்களின் பார்ட்னர் அந்தஸ்துக்காக இத்தனை பேர் சர்டிஃபிகேட் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கம்பெனிகளுக்கு இருக்கிறது, அதனால் பல இடங்களில் தேர்வுக் கட்டணத்தை அவர்களே தருவார்கள். கையிலிருந்து பணம் கட்டும் முன் விசாரியுங்கள்.

பெஞ்ச்ல இருக்கேன். வேலை போயிடுமோன்னு பயமா இருக்கு.

முன்பெல்லாம் பெஞ்ச் என்றால் புராஜெக்ட் எதுவும் இல்லாமல் சும்மா இருக்கும் காலம். இப்போது இல்லை. கிளையன்ட் உங்கள் நேரத்துக்குப் பணம் தராத ஒவ்வொரு நாளும் கம்பெனிக்குச் செலவு. டி.சி.எஸ். 2025 ஜூனில் கொண்டுவந்த விதிப்படி ஓர் ஆண்டில் 225 நாளாவது பில்லிங்கில், அதாவது கிளையன்ட் பணம் தரும் வேலையில், இருக்க வேண்டும், பெஞ்ச் 35 நாளைத் தாண்டக் கூடாது. மற்ற கம்பெனிகளிலும் எழுதிய விதியோ எழுதாத விதியோ ஒன்று இருக்கும்.

ரிசோர்ஸ் டீம் அழைக்கும் என்று காத்திருக்காதீர்கள். பழைய புராஜெக்டில் உங்களோடு வேலை செய்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்து, அவர்களிடம் நேரடியாகக் கேளுங்கள். உள்ளே நிரப்பப்படும் இடங்களில் நிறைய இப்படித்தான் நிரம்புகின்றன. மூர் மார்க்கெட் காலத்துப் பழைய டெக்னாலஜி என்று தோன்றினாலும் முதலில் வரும் புராஜெக்டில் ஏறுங்கள், உள்ளே போய் மாறிக்கொள்ளலாம்.

அப்ரைசல்ல சுமாரான ரேட்டிங்தான் குடுத்தாங்க. சண்டை போடலாமா?

ரேட்டிங் வந்த பிறகு சண்டை போட்டு மாறியதை நான் பார்த்தது அரிது. ஒவ்வொரு ரேட்டிங்குக்கும் இத்தனை பேர்தான் என்று மேலே கணக்கு மூடிவிடும், உங்களை ஏற்ற வேண்டுமென்றால் இன்னொருவரை இறக்க வேண்டும். ஆனாலும் கூட்டம் கேளுங்கள். "ஏன் குறைத்தீர்கள்" என்று ஆரம்பிக்காமல், "அடுத்த நிலைக்கு என்னிடம் எது இல்லை, அதை எந்த வேலையில் காட்ட முடியும்" என்று கேட்டு, பதிலை மெயிலில் எழுதி அனுப்புங்கள். அரையாண்டு ரிவ்யூவில் அதே மெயிலைத் திறந்து வைத்துப் பேசலாம்.

பதில் மழுப்பலாகவே வந்தால், அதுவும் இரண்டு வருஷம் தொடர்ந்து வந்தால், அங்கே உங்களுக்கு இடமில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆஃபர் லெட்டர்ல எட்டு லட்சம்னு இருக்கு. கைக்கு அவ்வளவு வரலையே?

சி.டி.சி. என்பது கம்பெனிக்கு நீங்கள் ஆகும் செலவு. உதாரணமாகப் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 4 லட்சம் என்று வையுங்கள். கம்பெனி போடும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், அதாவது 48,000, அந்த எட்டு லட்சத்துக்குள்ளேயே இருக்கும். கிராஜுவிட்டி (விலகும்போது தரும் பணிக்கொடை) என்று பேசிக்கில் 4.81 சதவீதம், 19,240. ரேட்டிங், கம்பெனி நிலையைப் பார்த்துத் தரும் வேரியபிள் பே பத்து சதவீதம் என்றால் 80,000. இவை போக மாதம் சுமார் 54,400. அதில் உங்கள் பங்கு பி.எஃப். 4,000, கொஞ்சம் தொழில் வரி. கைக்கு ஐம்பதாயிரத்தை ஒட்டி வரும். இந்தச் சம்பளத்துக்குப் புதிய வரி முறையில் வருமான வரி வராது. சில கம்பெனிகள் பி.எஃபை 15,000 ரூபாய் சம்பள வரம்புக்கே கணக்கிட்டு மாதம் 1,800 மட்டும் பிடிப்பார்கள், அங்கே கைக்கு வருவது கூடும், சேமிப்பு குறையும்.

ஆஃபரை ஒப்புக்கொள்ளும் முன் எச்.ஆரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: வேரியபிள் போன வருஷம் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள், ஜாயினிங் போனஸை எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும், மாதம் கைக்கு எவ்வளவு. கேட்பதால் யாரும் ஆஃபரை ரத்து செய்வதில்லை.

பாண்ட்ல கையெழுத்து போட்டுட்டேன். விட்டுட்டுப் போனா கேஸ் போடுவாங்களா? ஒரிஜினல் சர்டிஃபிகேட்டும் கேக்குறாங்க.

ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டலாம், அன்றே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பிரதியில் சான்றொப்பம் வாங்கிக் கொடுப்பது போதும்.

பாண்ட், அதாவது இத்தனை காலத்துக்குள் விலகினால் பணம் தர வேண்டும் என்ற ஒப்பந்தம், செல்லவே செல்லாது என்று வாட்ஸாப்பில் சொல்வார்கள், அது சரியில்லை. விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டு வேலை பார்க்க வேண்டும், இல்லையென்றால் 2 லட்சம் தர வேண்டும் என்ற நிபந்தனையைச் செல்லும் என்றது. அது பொதுத்துறை வங்கி என்பது, ஆள் எடுக்கும் செலவு, சம்பளம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் சொன்னார்கள். பொதுவாக ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும், எழுதிய தொகை அப்படியே கிடைக்கும் என்பதில்லை. மறுபக்கம், வேலையை விட்ட பிறகு போட்டிக் கம்பெனியில் சேரவே கூடாது என்று தடுக்கும் நிபந்தனை அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவால் பொதுவாகச் செல்லாது. கையெழுத்துப் போடும் முன்பே தொகையையும் காலத்தையும் படியுங்கள்.

எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனி மாறணும்?

கணக்கு எதுவும் கிடையாது. மாறினால் சம்பளம் சட்டென்று ஏறுவது உண்மை. ஆனால் ஒரு இடத்தில் ஒரு பெரிய ரிலீஸையாவது ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பார்க்காமல் மாறிக்கொண்டே இருந்தால், ஏழு வருஷ அனுபவம் என்ற பெயரில் முதல் வருஷ வேலையையே ஏழு தடவை செய்திருப்பீர்கள். இன்டர்வியூவில் அது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பணக் கணக்கும் பாருங்கள். கிராஜுவிட்டிக்கு நிரந்தர ஊழியருக்கு ஐந்து ஆண்டு தொடர்ச்சியான வேலை வேண்டும். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் முடித்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, ஆனால் எல்லாக் கம்பெனியும் அதை ஏற்பதில்லை. நாலரை வருஷத்தில் பேப்பர் போடுகிறவர்கள் (ராஜினாமா செய்கிறவர்கள்) எச்.ஆரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். பி.எஃபை எடுத்துச் செலவழிக்காமல் அதே யூ.ஏ.என். எண்ணில் (கம்பெனி மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்) புதிய கம்பெனிக்கு மாற்றுங்கள். எல்லா கம்பெனியும் சேர்த்து ஐந்து ஆண்டு ஆவதற்கு முன் எடுத்தால் வரி உண்டு, பென்ஷனுக்கும் மொத்தம் பத்து ஆண்டு சேர வேண்டும்.

நோட்டீஸ் 90 நாள். புது கம்பெனி முப்பது நாள்ல வரச் சொல்றான். சொல்லாம நின்னுடலாமா?

நிற்காதீர்கள். முறையாக விடுவித்ததாகச் சொல்லும் ரிலீவிங் லெட்டர் வராது, பின்னால் எந்த பேக்கிரவுண்டு வெரிஃபிகேஷனிலும் அது கிளறப்படும். மேனேஜரிடம் பொறுப்பை ஒப்படைக்கும் திட்டத்தோடு போய் நாளைக் குறைக்கக் கேளுங்கள். முடியாவிட்டால் மீதி நாளுக்குப் பணம் கட்டி வெளியேறும் வழி இருக்கிறதா என்று நியமனக் கடிதத்தில் பாருங்கள். அந்தப் பணத்தைப் புதிய கம்பெனி தருமா என்பதையும் பேசலாம். பி.எஃபில் பழைய கம்பெனி விலகிய தேதியைப் போடாமல் விட்டால், இரண்டு மாதம் கழித்து நீங்களே போர்ட்டலில் பதிவு செய்யலாம்.

பேப்பர் போட்டதும் கவுன்ட்டர் ஆஃபர் தர்றாங்க. இருந்துடலாமா?

கவுன்ட்டர் ஆஃபர் என்பது உங்களைப் போகவிடாமல் நிறுத்தக் கூட்டித் தரும் சம்பளம். சம்பளம் மட்டும்தான் குறையென்றால் இருக்கலாம், தொகை கடிதத்தில் வர வேண்டும். ரேட்டிங், வேலை, மேனேஜர் என்று வேறு காரணத்துக்காகக் கிளம்பியிருந்தால் அவை அப்படியேதான் இருக்கும். அடுத்த தடவை ஆள் குறைக்கும்போது உங்கள் பெயரும் நினைவுக்கு வரும்.

குழந்தைக்காக மூணு வருஷம் வீட்ல இருந்துட்டேன். எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தர்றோம்னு ஒருத்தர் சொல்றார். வாங்கலாமா?

வேண்டாம்மா, அது போலிச் சான்று. இப்போது வெரிஃபிகேஷனில் யூ.ஏ.என். வழியாக எந்த மாதம் எந்தக் கம்பெனி பி.எஃப். கட்டியது என்று பார்க்கிறார்கள். இல்லாத கம்பெனி அங்கே தெரிந்துவிடும், சேர்ந்த பிறகு தெரிந்தாலும் வேலை போகும். ரெஸ்யூமேயில் "குழந்தை வளர்ப்புக்காக இடைவெளி" என்று ஒரு வரி நேராக எழுதுங்கள். இப்படித் திரும்பி வரும் பெண்களுக்கென்றே தனித் திட்டம் வைத்திருக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. அதோடு, பழைய டீம்காரர்களின் ரெஃபரல்தான் இந்த இடத்தில் மற்ற எதையும்விட உதவும்.

இன்னும் வேலையில் இருக்கும் பெண்களுக்கு: முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு மகப்பேறு சலுகைச் சட்டத்தின் 2017 திருத்தத்திலிருந்து உண்டு. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். விடுப்புக்குப் போகும் முன் பாதி வருஷ வேலைக்கு ரேட்டிங் எப்படி வரும் என்று மெயிலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

டீம் லீட் ஆயிட்டேன். என்னைவிடப் பதினஞ்சு வயசு பெரியவர் எனக்குக் கீழ இருக்கார். எப்படி வேலை வாங்குறது?

அவரை இதுவரை எப்படிக் கூப்பிட்டீர்களோ அப்படியே கூப்பிடுங்கள். "சார்" என்றால் சார்தான், பதவி வந்ததும் பெயருக்கு மாறாதீர்கள். நம் ஊரில் அதை அவர் மறக்க மாட்டார். எல்லோர் முன்னாலும் குறை சொல்லாமல் தனியாக, முடிந்தால் கேன்டீனில் டீயோடு பேசுங்கள். ஆனால் வேலைக்கான தேதி மற்றவர்களுக்குப் போலவே அவருக்கும் எழுத்தில் இருக்கட்டும். "சார், இது புதன்கிழமைக்குள்ள வேணும்" என்பதில் மரியாதையும் இருக்கிறது, தேதியும் இருக்கிறது. ரேட்டிங் தரும்போது வயதுக்காகக் கூட்டிப் போட்டால் டீமில் உள்ள சின்னவர்கள் கவனிப்பார்கள்.

வீட்ல இருந்து வேலைதானே. சைடுல இன்னொரு கம்பெனிக்கும் பாக்கலாமா?

நியமனக் கடிதத்தில் பெரும்பாலும் கூடாது என்று இருக்கும். 2022-ல் போட்டிக் கம்பெனிகளுக்கும் சேர்த்து வேலை பார்த்த 300 பேரை நீக்கியதாக விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி வெளிப்படையாகவே சொன்னார். ஒரே யூ.ஏ.என். எண்ணில் ஒரே மாதம் இரண்டு கம்பெனி பி.எஃப். கட்டினால் மறைக்க முடியாது. வார இறுதியில் வகுப்பு எடுப்பது, யூடியூப் போன்றவற்றுக்கு எழுத்தில் அனுமதி கேட்டால் சில இடங்களில் தருகிறார்கள்.

நீங்களா ரிசைன் பண்ணுங்க, இல்லன்னா டெர்மினேட் பண்ணுவோம்னு ரூம்ல உக்கார வச்சு சொல்றாங்க. என்ன பண்றது?

அந்த அறையில் எதையும் டைப் பண்ணாதீர்கள், கையெழுத்தும் போடாதீர்கள். "யோசிக்க நேரம் வேண்டும், நீங்கள் சொன்னதை மெயிலில் அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். அவர்கள் அனுப்பாவிட்டால் நடந்ததைத் தேதி, நேரம், இருந்தவர்கள் பெயரோடு நீங்கள் அனுப்புங்கள். இது ஏன் முக்கியம் என்றால், மேலாளர் பொறுப்பில் இல்லாத ஊழியரை ஆள்குறைப்பில் நீக்கினால், ஓராண்டு முடித்தவருக்கு ஒரு மாத நோட்டீஸும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளமும் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டால் நீங்களாகப் போனதாகத்தான் ஆகும். ஐ.டி. ஊழியர்கள் சங்கம் வைக்கலாம் என்று தமிழக அரசு 2016-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. தொழிலாளர் துறையில் மனு கொடுக்க உதவும் அப்படிப்பட்ட சங்கங்கள் சென்னையில் இருக்கின்றன.

அடுத்த வேலைக்காக, சமாதானமாகப் போவதே மேல் என்று நீங்கள் முடிவெடுக்கலாம், அதிலும் தவறில்லை. அப்படியென்றால் எத்தனை மாதச் சம்பளம், ரிலீவிங் லெட்டரில் என்ன வாசகம், இன்ஷூரன்ஸ் எந்தத் தேதி வரை என்பதை முதலில் எழுத்தில் வாங்குங்கள், ராஜினாமா பிறகு. பே ஸ்லிப், அப்ரைசல் கடிதம், ஃபார்ம் 16 (சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்று) எல்லாம் உங்கள் சொந்த ஆவணங்கள், இரண்டாவது கேள்வியில் சொன்ன தடை இவற்றுக்குக் கிடையாது. ஒவ்வொரு மாதமும் இறக்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரி நாளில் லேப்டாப் லாகின் மதியமே போய்விடும்.